கேக் கொடுத்த வீடுகள்

நோர்டால் ஊரில் லைல் ஓப்டாலை யாரும் கேலி செய்ய முடியாது. செய்ய வேண்டிய கேலியையெல்லாம் அவரே முந்திக்கொண்டு செய்துவிடுவார். "ஊர் என்ன நினைக்குதுன்னு தெரியணுமா? என்கிட்ட கேளுங்க. நான் சொல்றதைத் தலைகீழா எடுத்துக்கிட்டா கரெக்டா இருக்கும்" என்பார், காபிக் கடையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர், அவர் அடுத்துச் சொல்லப்போகிற பள்ளிக்கூட ஓட்டுக் கதையில் வருகிறவர்கள்.

லைல் காப்பீட்டு முகவர். சோளப் பயிருக்கு ஆலங்கட்டி மழை, கொட்டகைக்கு நெருப்பு, டிராக்டருக்குத் திருட்டு என்று எல்லாவற்றுக்கும் காப்பீடு விற்பவர். முப்பது வருடமாக ஊரில் எல்லா வீட்டு வாசற்படியும் ஏறி இறங்கியவர். கதவைத் திறக்கிற ஆளின் முகத்தைப் பார்த்தே வாங்குவானா மாட்டானா என்று சொல்லிவிடலாம் என்பது அவருடைய நெடுநாள் பெருமை. நோர்டாலில் வேறு காப்பீட்டு முகவரே கிடையாது, வாங்குகிறவன் எவனும் தன்னிடம்தான் வாங்கியாக வேண்டும் என்பது அவருக்குப் பின்னால்தான் உறைத்தது.

மினியாபோலிஸ் நகரத்துக்குப் போகிற நெடுஞ்சாலையை அகலப்படுத்தியதிலிருந்து நோர்டாலுக்கு வளர்ச்சி வந்துவிட்டது. ஊருக்குக் கிழக்கே சோளம் நின்ற இடத்தில் ஒரே சாயலில் வீடுகள் முளைத்தன. வீட்டுக்கு இரண்டு பிள்ளை, ஒரு நாய். நாய்களுக்கு இடம் இருந்தது. பிள்ளைகளுக்கு இருந்த பள்ளிக்கூடமோ ஊரில் ஒரே ஒரு பேருந்து ஓடிய காலத்தில் கட்டியது. பாட்டு வகுப்பு நடைபாதையில் நடந்தது. சாப்பாட்டுக் கூடம் சின்னது என்பதால் வகுப்பு வகுப்பாக உட்கார வைத்தார்கள். முதல் பந்திக்குப் போகிற பிள்ளைகளுக்குக் காலையில் தின்றதே செரித்திருக்காது. லைலின் மனைவி ரெனேயின் இரண்டாம் வகுப்புக்குக் கிடைத்தது விளையாட்டுக் கூடத்தின் மேடை. மேடைக்குத் திரை உண்டு. திரைக்கு அந்தப் பக்கம் பெரிய பையன்களின் கூடைப்பந்து.

"ஏழும் எட்டும்?" என்பாள் ரெனே. டம். "சத்தமா சொல்லு!" டம், டம். சமயத்தில் பந்தே திரைக்கு அடியில் உருண்டு வந்து பாடம் கேட்கும்.

ஆறு வருடம் இப்படிக் கத்தியதில், கத்துகிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. வீட்டில் எதிர் நாற்காலியில் இருப்பவரிடம் "லைல், உப்பை எடு!" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாரோ என்று லைலுக்குப் பயமாக இருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் அடுத்த ஊரான ஆஸ்மண்டிலிருந்து ரெனேவுக்கு ஆசிரியர் வேலைக்கு அழைப்பு வந்தது. புதுப் பள்ளிக்கூடம், தனி அறை, ஜன்னல் உண்டு.

"நம்ம ஊர்லயும் கட்டப் போறாங்கன்னு சொல்றாங்க. ஊர் ஓட்டுப் போட்டுச்சுன்னா இங்கயே இருக்கேன். இல்லைன்னா அங்க கையெழுத்துப் போட்டுடுவேன்" என்றாள்.

"ம். பார்ப்போம்" என்றார் லைல். வீட்டில் அவர் எதற்கும் சொல்கிற பதில் அதுதான். ஆனால் அன்று கார் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் இருவரும் ஒரே காரில்தான் போவார்கள். பேசிக்கொள்வது பெரும்பாலும் அந்தக் காருக்குள்தான்.

கட்டடம் வேண்டுமென்றால் வீட்டு வரியும் நில வரியும் ஏற வேண்டும்; வரி ஏற ஊர் ஓட்டுப் போட வேண்டும். ஓட்டுக்கு விடுமுன் ஊர் மனதை அறிந்துவர பள்ளிக் குழு ஆள் தேடியது. வகுப்பறைகளும் சமையலறையும் மட்டும் கேட்பதா, இல்லை, பார்வையாளர் உட்காரப் படிவரிசை வைத்த பெரிய விளையாட்டு அரங்கத்தையும் சேர்த்துக் கேட்பதா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"நான் போறேன்" என்றார் லைல். "வாசல்ல நிக்கறவன் மனசைப் படிக்கறதுதானே என் தொழிலே."

முதலில் போனது ஆர்லன் ஸ்டாடம் வீட்டுக்கு. ஆர்லன் ஊரிலேயே அதிக நிலம் வைத்திருக்கிறவர், லைலுடன் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

"உள்ள வாடா, வாசல்லயே நின்னா குளிர் உள்ள வருது" என்றார் ஆர்லன்.

கோட்டைக் கழற்ற வைத்தார்கள். நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். ஆர்லனின் மனைவி ஜோயன் காபியும் ஆப்பிள் கேக்கும் கொண்டுவந்தாள். லைல் திட்டத்தைச் சொன்னார்.

"புள்ளைங்களுக்கு இடம் வேணும்ல. யாரு இல்லைன்னா" என்றார் ஆர்லன்.

"அதானே."

"ரெனே மேடையில நின்னு பாடம் எடுக்கறாளாமே. பாவம்."

"பாவம்தான்."

"இன்னொரு துண்டு போட்டுக்க."

"வேணாம், போதும்."

"அட, போட்டுக்கடா."

"நிஜமாவே வேணாம்."

ஜோயன் அதற்குமேல் இருவரையும் பேசவிடவில்லை, அவர் தட்டில் இன்னொரு துண்டை வைத்துவிட்டாள். லைலும் அதற்குத்தான் காத்திருந்தார்.

"விளையாட்டு அரங்கமும் வருது, பெருசா."

"அப்படியா" என்று ஆர்லன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்லா யோசிச்சுத்தான் போட்டிருப்பாங்க. இந்த வருஷம் பனி ஜாஸ்திதான், இல்ல?"

கிளம்பும்போது ஜோயன் மீதிக் கேக்கைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தாள். காரில் உட்கார்ந்ததும் லைல் மனதுக்குள் எழுதிக்கொண்டார்: முழு ஆதரவு.

மேற்குப் பக்கத்துப் பழைய வீடுகள் எல்லாமே இப்படித்தான் இருந்தன. ஒரு வீட்டில் எலுமிச்சைக் கேக், ஒரு வீட்டில் சாக்லேட் கேக், ஒரு வீட்டில் சூப்பே கொடுத்தார்கள். எல்லோரும் பிள்ளைகளைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். லைலுக்குப் பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட வேண்டியிருந்தது.

கிழக்குப் பக்கம்தான் தகராறு. மாய் யா லோர் என்கிற பெண், ஆசியாவிலிருந்து குடியேறிய மோங் இனத்தவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ், மூன்று பிள்ளைகள். லைல் போனபோது கார் கொட்டகையில் வேனிலிருந்து அரிசி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"சும்மாதானே நிக்கறீங்க, இதைப் புடிங்க" என்று ஒரு மூட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் கொண்டுவந்திருந்த கட்டட வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். "சமையலறை எங்க? பின்னாடியா? அப்ப லாரி எந்தப் பக்கம் வரும்? பசங்க பஸ்ஸை விட்டு இறங்கற எடத்துலயா?"

"அது... வரைஞ்சவங்களைத்தான் கேக்கணும்..."

"கேட்டுட்டு வந்திருக்கலாம்ல? சரி, இவ்ளோ பெரிய அரங்கம் யாருக்கு? என் பையன் நடைபாதையில உக்காந்து பாட்டுப் படிக்கறான். மொதல்ல அவனுக்கு ஒரு நாற்காலி போடுங்க."

"அதுவும் வருது. இதுல எல்லாமே வருது."

"எல்லாமே வந்தா எல்லாத்துக்கும் நான்தானே வரி கட்டணும்? இருபது வருஷம். கேக்க மாட்டேனா?"

குளிரில் மூக்கு ஒழுக, துடைக்கக் கை இல்லாமல், மூட்டையைக் கட்டிக்கொண்டு நின்றார் லைல். கடைசியில் அதை உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். வைத்துவிட்டு வந்தார். கடும் எதிர்ப்பு, என்று எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளை வைத்திருக்கிறவர்களே இப்படிப் பேசுகிறார்களே என்று வருத்தமாகக்கூட இருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு ஊர்ப்பற்று வர நாளாகும் என்று தனக்குத்தானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டார். அந்த விளக்கம் அவருக்குப் பிடித்துப்போய்விட்டதால் பள்ளிக் குழு கூட்டத்திலும் சொன்னார்.

"பழைய ஆளுங்க மொத்தமும் நம்ம பக்கம். கிழக்காலதான் கொஞ்சம் முறைச்சுக்கறாங்க. பயப்படாம முழுத் திட்டத்தையும் வைங்க, அரங்கத்தோட."

வைத்தார்கள்.

கூட்டம் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது ரெனே கேட்டாள், வழக்கமான குரலில், அதாவது தெருவுக்கே கேட்கும்படி: "ஆர்லன் என்ன சொன்னாரு?"

"புள்ளைங்களுக்கு இடம் வேணும்னான்."

"ஆமான்னு ஓட்டுப் போடறேன்னு சொன்னாரா?"

"அதை வேற வாயைத் தொறந்து சொல்லணுமா? ரெண்டு துண்டு கேக் ரெனே. மீதியைக் கட்டியும் குடுத்திருக்கா."

ரெனே முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க அக்கா ஒவ்வொரு கோடைக்கும் வந்து பதினஞ்சு நாள் உக்காந்துட்டுப் போறாங்களே, அவங்களுக்கு நான் எவ்ளோ கேக் செஞ்சிருப்பேன்?"

"நெறைய. உனக்குத்தான் அவங்களை ரொம்பப் புடிக்குமே."

ரெனே முள்கரண்டியை மறுபடியும் எடுத்துக்கொண்டாள். "சாப்பிடு" என்றாள்.

மே மாதம் ஓட்டு நடந்தது. கிழக்கு வாக்குச்சாவடியில் 'ஆமாம்' ஓட்டு அமோகமாக ஜெயித்தது. மேற்கில் விழுந்த அடியில் அந்த வெற்றி இருந்த இடம் தெரியாமல் போனது. லைல் எண்ணிக்கைத் தாளைத் திருப்பிப் பிடித்தும் பார்த்தார். கிழக்கையும் மேற்கையும் மாற்றி எழுதிவிட்டார்களா என்று வாக்குச்சாவடி அம்மாளிடம் கேட்டதை அவரே பின்னால் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த வாரம் முழுவதும் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். தோற்கடித்தவர்களே துக்கம் விசாரிக்க வந்தார்கள். யாரும் ஓட்டைப் பற்றிப் பேசவில்லை. "உடம்பைப் பார்த்துக்க" என்றார்கள். செத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்களே, உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு ஓவனில் வைத்து எடுத்தது, அதை ஆளுக்கொரு தட்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜோயன் இரண்டு தட்டு கொண்டுவந்தாள்.

குளிர்பெட்டியில் ஐஸ் வைக்கக்கூட இடமில்லை. ரெனே அதைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தா லைல், நீ எடுத்த கணக்கு. தட்டுக்கு ஒரு 'வேணாம்'."

"ஆர்லனுமா?"

"ரெண்டு தட்டு லைல். புருஷனுக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணு."

மறுநாள் அவள் ஆஸ்மண்டில் கையெழுத்துப் போடக் கிளம்பினாள். நோர்டாலில் ஒரு வருடம் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். திரும்பி வர நினைத்தால் வரலாம். லைல் வாசலில் நின்றார். போகாதே என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். வாயைத் திறந்தார்.

"குளிர்காலத்துல அந்த ரோடு வழுக்கும். டயர் மாத்தணும்" என்றார்.

"மாத்திக்கலாம்" என்று ரெனே போய்விட்டாள்.

லைல் வாசலிலேயே நின்றார். கேக்கைக் கட்டிக் கொடுக்கிற ஜோயனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. வேண்டாத நாய்க்குட்டியை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்கிவந்து, அது கிழடாகிச் சாகும்வரை வளர்த்தவர் அவர். அவர் போய் அடுத்தவர் மனதைப் படிக்கக் கிளம்பியிருக்கிறார்! கறிக்கடைக்காரனிடம் வைத்தியம் கேட்டிருந்தால்கூட ஊருக்கு இத்தனை சேதம் வந்திருக்காது.

கோடை முடிவதற்குள் பள்ளிக் குழு மறுபடியும் ஓட்டுக்கு விடப்போவதாக அறிவித்தது. இந்த முறை யாரும் லைலைக் கூப்பிடவில்லை. அவராகவே ஆர்லன் வீட்டுக்குப் போனார். ஆர்லன் டிராக்டர் கொட்டகையில் இருந்தார்.

"வாடா, உள்ள போலாம். ஜோயன் காபி போட்டு..."

"வரலை. காபி வேணாம், கேக் வேணாம். இங்கயே நிக்கறேன். நீ என்ன ஓட்டுப் போட்ட?"

சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி ஆர்லன் அவரைப் பார்த்தார். பிறகு டிராக்டரைப் பார்த்தார். அதன் டயரைக் காலால் தட்டினார்.

"அதெல்லாம் கேக்கற விஷயமாடா?"

"கேட்டுட்டேனே."

"வேணாம்னுதான் போட்டேன்." சொல்லிவிட்டு ஆர்லன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், யாராவது கேட்டுவிட்டார்களா என்று.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிடா சொல்றது? நீ கோட்டைக் கழட்டிட்டு உக்காந்திருந்த. வீட்டுல வந்து உக்காந்தவன்கிட்ட..." ஆர்லன் தலையைச் சொறிந்தார். "வகுப்பறை மட்டும்னா யோசிச்சிருப்பேன். பந்து வெளையாடறதைப் பாக்க படிவரிசை கட்டறதுக்கு என் நிலம் எதுக்குடா அழணும்?"

"நில வரியில பெரும்பங்கை அரசாங்கமே ஏத்துக்குதுன்னு நோட்டீஸ்ல போட்டிருந்துதே."

"ஏத்துக்கிட்டது போக மிச்சம் யாரு, உங்க அக்காவா கட்டுவா? வெளைஞ்சாலும் வரும், வெளையலைன்னாலும் வரும்." குரலை இறக்கினார். "இன்னொண்ணு. கிழக்கால வீடு கட்டறவனுக்கு நிலத்தை வித்ததே நான்தான். இந்தக் கூட்டத்தையே கூட்டிட்டு வந்தவன் நான். வாயைத் தொறந்தா அதைச் சொல்லிக் காமிச்சிடுவியோன்னு பயம் வேற."

"எனக்கு அது ஞாபகமே வரலைடா."

"அடச்சே" என்றார் ஆர்லன். "நானே சொல்லிட்டேனா?"

அன்றிலிருந்து லைல் ஒரு விதி வைத்துக்கொண்டார்: எந்த வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை, உட்காருவதில்லை, வாயில் எதுவும் போடுவதில்லை. உள்ளே வராமல் முற்றத்தில் நிற்கிற லைலைப் பார்த்துச் சனம் மிரண்டது. ஒரு வீட்டில் யாரோ செத்துப்போன செய்தி கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து அழவே தொடங்கிவிட்டார்கள். ஆனால் நின்றுகொண்டே கேட்டால் நின்றுகொண்டே பதில் வந்தது. அரங்கம் வேண்டாம். லாரி போகிற வழி சரியில்லை. கூரையைப் போன தடவை கட்டினவனிடமே கொடுக்காதே, ஒழுகும்.

மாய் யாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். விஷயத்தைச் சொன்னதும் அவள் வேனில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"நான் எதிர்ப்புன்னா எழுதினீங்க? நான் ஆமான்னுதான் போட்டேன். இந்தத் தெருவையே வேன்ல ஏத்திட்டுப் போய்ப் போட வெச்சேன்!"

"அப்ப ஏன் அவ்ளோ கேள்வி?"

"வேணாம்னா எதுக்குக் கேக்கப் போறேன்? கதவைச் சாத்திட்டுப் போயிருப்பேன். வாங்கப் போறவதானே காயைக் கிள்ளிப் பார்ப்பா?"

முப்பது வருடம் விற்பனைத் தொழிலில் இருந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். லைல் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

பள்ளிக் குழு செப்டம்பரில் கூட்டிய ஊர்க்கூட்டத்துக்கு அவளைத்தான் அழைத்துப்போனார். வந்தவர்கள் எல்லோரும் பின்வரிசையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு, திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மாய் யா எழுந்தாள். "எல்லாம் நல்லாருக்குன்னா போன தடவை தோக்கடிச்சது யாரு, ஆவியா?" என்றாள். "நீங்க சொல்லுங்க" என்று ஆர்லனைக் காட்டினாள். "எது வேணாம்?"

ஆர்லன் காது வரை சிவந்து எழுந்தார். "அரங்கம்" என்றார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்து, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பின்னால் ஒருவர் எழுந்தார், பிறகு இன்னொருவர். ஒருவரை ஒருவர் முகத்துக்கு நேராக மறுத்துப் பேசும் ருசியை ஊர் அன்றுதான் கண்டது. வீட்டுக்குப் போகச் சொல்லி விளக்கை அணைக்க வேண்டியதாயிற்று. அரங்கம் போனது. லாரி வழி மறுபக்கம் திரும்பியது. வகுப்பறைகளும் சமையலறையும் நின்றன.

நவம்பரில் ஓட்டு ஜெயித்தது. அமோகமாக இல்லை, போதுமான அளவுக்கு.

மறுநாள் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் ஆர்லன் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை, தொப்பியையும் எடுக்கவில்லை.

"நேர்லயே சொல்லிடணும்னு வந்தேன். இந்தத் தடவையும் வேணாம்னுதான் போட்டேன்."

"ஏன்டா? அரங்கத்தைத்தான் எடுத்தாச்சே!"

"சமையலறைக்கு எதுக்கு அவ்ளோ பணம்? அதான்." சொல்லிவிட்டு ஆர்லன் நிமிர்ந்து நின்றார், மெடல் வாங்கப் போகிறவர் மாதிரி.

"சந்தோஷம்டா" என்றார் லைல். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருட சினேகத்தில் ஆர்லன் அவரை நம்பிச் சொன்ன பெரிய விஷயம் அதுதான்.

ஆர்லனின் டிரக் போனதும் உள்ளே திரும்பினார். ரெனே ஆஸ்மண்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஜன்னல் உள்ள அறைக்குப் போனதிலிருந்து அவள் குரல் வருடக்கணக்காக இல்லாத அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. அவள் பேசுவதைக் கேட்க லைல் இப்போது குனிய வேண்டியிருந்தது. அந்தக் குரல் அவருக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே அவளிடம் கேட்க நினைத்ததைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"இங்க அறை கட்டினதும் திரும்பி வருவியா?"

ரெனே காலணியை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "தெரியல."

"தெரியலைன்னா வரமாட்டேன்னு எடுத்துக்கணுமா?"

"இல்ல லைல். தெரியலைன்னா தெரியல. கட்டி முடிக்க ரெண்டு வருஷம் ஆகும். விடுப்பு ஒரு வருஷம்தான். அதுக்கப்புறமும் அந்த மேடையில கொஞ்ச நாள் நின்னாகணும். என்னால முடியுமான்னு நிஜமாவே தெரியல."

அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். லைலின் நாக்கில் டயர், ரோடு, பனி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவற்றையெல்லாம் விழுங்கினார்.

"நீ வந்தா எனக்கு நல்லாருக்கும்" என்றார். "ஒரே கார்ல போறது. எனக்கு அது வேணும்."

ரெனேயின் கை கதவுப் பிடியிலேயே நின்றது. "இதைச் சொல்ல உனக்கு ரெண்டு எலக்‌ஷன் தேவைப்பட்டுச்சா?"

"ஊர் செலவுல கத்துக்கிட்டேன்."

அவள் சிரித்தாள், பழைய மேடைக் குரலில், தெருவுக்கே கேட்கும்படி. பிறகு வெளியே போய் காரில் ஏறினாள். கண்ணாடி முழுக்க உறைபனி. லைல் கையுறையில்லாமலே ஓடிப்போய்ச் சுரண்ட ஆரம்பித்தார். ஓட்டுகிறவர் பக்கம் தெளிந்ததும் அவள் ஜன்னலை இறக்கினாள்.

"யோசிக்கறேன்."

"எப்ப சொல்லுவ?"

"லைல், ஸ்கூலுக்கு நேரமாச்சு. அந்தப் பக்கத்தையும் சுரண்டு."

லைல் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.